விடியற்காலையில் ஆவி பறந்த பச்சைத்தண்ணீர்க் குழாய்: ஜெலுத்தோங் வீடொன்றில் ஹீட்டர் மிகையாகச் சூடேறிய நிகழ்வு

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் வட்டாரத்தில் உள்ள இரண்டு மாடி வரிசை வீடொன்றில், தீபாவளியன்று விடியுமுன்னர், கூரைக்கடியில் பொருத்தப்பட்டிருந்த வெந்நீர்க் கலன் (ஹீட்டர்) கட்டுப்பாடிழந்து கொதித்தது. உயிர்ச்சேதம் ஏதுமின்றி, ஒருவருடைய கையில் கொப்புளத்தோடும் சில மீட்டர் குழாய் மாற்றியதோடும் முடிந்துவிட்டது. ஆனால் ஒன்பது பேர் உறங்கிக்கொண்டிருந்த வீட்டில் அது வேறுவிதமாக முடிவதற்கான எல்லா ஏற்பாடுகளும் இருந்தன என்பது மறுநாள் அந்தக் கலனைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. அதே வட்டாரத்தில் வேலை செய்யும் பதிவு பெற்ற வயர்மேன் என்ற முறையில் அன்று தொலைபேசியில் அழைக்கப்பட்டவனும், பின்னர் கலனைக் கழற்றிச் சோதித்தவனும் நான். குடும்பத்தாரின் ஒப்புதலோடு, பெயர்களைத் தவிர்த்து, நடந்ததை நடந்த வரிசையிலேயே இங்கே பதிவு செய்கிறேன்.

பின்னணி

அந்த வீட்டில் வழக்கமாகக் குடியிருப்பவர்கள் ஐவர்: ஐம்பதைத் தாண்டிய வீட்டுக்காரர், அவர் மனைவி, எழுபதைக் கடந்த தாயார், கல்லூரியில் படிக்கும் இரு பிள்ளைகள். தீபாவளிக்காக வீட்டுக்காரரின் தங்கை சுங்கை பட்டாணியிலிருந்து கணவரோடும் இரண்டு சிறு பிள்ளைகளோடும் வந்திருந்தார். விருந்தாளிகளுக்கு மாடிப் படிக்கட்டை ஒட்டிய கூடத்தில் மெத்தை விரிக்கப்பட்டிருந்தது. இந்த இடம் பின்னர் முக்கியமாகிறது.

வீட்டின் குழாயமைப்பைச் சொல்லாமல் நடந்ததை விளக்க முடியாது. நம் வரிசை வீடுகளில் பெரும்பாலானவற்றைப் போலவே, தெருவிலிருந்து வரும் நீர் கூரைக்கடியில் உள்ள தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையாலேயே குளியலறைகளுக்கு இறங்குகிறது. அடுக்களைக் குழாய் ஒன்று மட்டும் தொட்டிக்குப் போகாமல் தெருக்குழாயோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் அதில்தான் பிடிக்கிறார்கள். தொட்டி பாலிஎத்திலீனால் ஆனது. 150 கேலன், அதாவது ஏறத்தாழ 680 லிட்டர் கொள்ளும். மாடிக் குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவே, மரச்சட்டங்களின் மேல் அது அமர்ந்திருந்தது. அதற்கு ஒன்றரை மீட்டர் கீழே, குளியலறையின் உட்கூரைப் பலகைக்கு மேல், 50 லிட்டர் ஹீட்டர் கிடைமட்டமாகத் தொங்கவிடப்பட்டிருந்தது. தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே குழாய் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை ஹீட்டருக்கும் மறு கிளை பச்சைத்தண்ணீர்க் குழாய்களுக்கும் போகிறது. ஹீட்டரிலிருந்து வெளியேறும் வெந்நீர்க் குழாய் செம்பு. பச்சைத்தண்ணீர்ப் பக்கம் முழுவதும் வெள்ளை யு.பி.வி.சி. என்னும் கடினப் பிளாஸ்டிக்.

ஹீட்டரின் கம்பிச்சுருள் 2 கிலோவாட். 28 டிகிரி நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர அதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இத்தகைய கலனுக்கு மூன்று காவல்கள் உண்டு. முதலாவது தெர்மோஸ்டாட்: வைத்த சூட்டை அடைந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் கொடுப்பது. இரண்டாவது வெப்பத் துண்டிப்பான்: தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்யாமல் நீர் 85, 90 டிகிரியைத் தொட்டால் மின்சாரத்தை அறுத்துவிட்டு, ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும்வரை திரும்பக் கொடுக்காதது. மூன்றாவது, பச்சைத்தண்ணீர் நுழையும் வாயில் பொருத்தப்படும் பாதுகாப்பு வால்வு: உள்ளே வந்த நீர் திரும்பிப் போகாமல் தடுப்பதும், அழுத்தம் மிகுந்தால் பக்கத் துளை வழியே சொட்டவிடுவதும் அதன் வேலை.

முன்னரே நடந்த இரண்டு பழுதுபார்ப்புகள்

முந்தைய ஆண்டில் சில மாதங்கள் அந்த ஹீட்டர் அடிக்கடி வேலை செய்யாமல் நின்றது. சுவிட்சின் சிவப்பு விளக்கு எரியும், வெந்நீர் வராது. வீட்டுக்கு வந்த பழுதுபார்ப்பவர் ஒவ்வொரு முறையும் உட்கூரைத் திறப்பில் ஏறி ஏதோ பொத்தானை அழுத்திச் சரிசெய்ததாகவும், மூன்றாம் முறையோ நான்காம் முறையோ “இனிமேல் தொல்லை தராது” என்று சொல்லிச் சென்றதாகவும் வீட்டுக்காரரின் மனைவி நினைவுகூர்ந்தார். அவர் சொன்னபடியே அதன்பின் தொல்லை வரவில்லை.

சில மாதங்கள் கழித்துக் குளியலறை உட்கூரையில் பழுப்பு நிறத்தில் ஈரக்கறை படர்ந்தது. ஹீட்டரின் வால்விலிருந்து நீர் சொட்டுவதைக் கண்ட வேறொருவர் அதை அடைத்துவிட்டுப் போனார். கறை காய்ந்தது, உட்கூரைக்குச் சாயம் பூசினார்கள். இரண்டு பழுதுக்கும் பணம் கொடுத்து, இரண்டும் தீர்ந்ததாகவே குடும்பத்தார் நம்பியிருந்தார்கள். அப்படி நம்பாமலிருக்க அவர்களுக்குக் காரணமும் இல்லை.

இவை தவிர, பச்சைத்தண்ணீர்க் குழாயில் சில வேளை சுடுநீர் வந்ததை மூத்த மகன் கவனித்திருக்கிறார். மதிய வெயிலில் தொட்டி காய்ந்து, குழாயைத் திறந்தால் கை சுடுவது பினாங்கில் யாருக்கும் புதிதல்ல. அதனால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தீபாவளிக்கு முந்தைய இரவு

அந்த வீட்டின் வழக்கம், குளிப்பதற்கு அரை மணி நேரம் முன் ஹீட்டரைப் போட்டு, குளித்து முடித்ததும் அணைப்பது. ஆனால் தீபாவளியன்று விடியுமுன் ஒன்பது பேரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவேண்டும். வரிசையில் முதலில் குளிக்கவேண்டிய பாட்டிக்கு நான்கரை மணிக்கே வெந்நீர் வேண்டும். ஆகவே இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகுமுன் ஹீட்டர் போடப்பட்டு, முதன்முறையாக இரவு முழுவதும் அணைக்கப்படாமல் விடப்பட்டது. மாலையிலிருந்து நல்ல மழை பெய்து, நள்ளிரவுக்குப் பின்னும் தூறிக்கொண்டிருந்தது.

நள்ளிரவுக்குப் பிறகு கூடத்தில் படுத்திருந்த தங்கையின் கணவர் மேலே ஏதோ முனகும் ஒலியையும் இடையிடையே ‘டொக், டொக்’ என்று குழாய் தட்டும் ஒலியையும் கேட்டிருக்கிறார். மழைநீர் ஓடும் ஒலி என்று எண்ணித் திரும்பிப் படுத்துவிட்டார். பிறர் வீட்டுக் கூரையின் ஒலிகள் விருந்தாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

நான்கு மணிக்குச் சற்றுப் பின்னர், வாளியில் நீர் விளாவி வைப்பதற்காக வீட்டுக்காரரின் மனைவி மாடிக் குளியலறைக்குப் போனார். அவர் முதலில் திறந்தது பச்சைத்தண்ணீர்க் குழாயை. குழாய் இரண்டு முறை துப்பியது. பிறகு நீரும் ஆவியும் கலந்து சீறி வந்து, வாளியின் விளிம்பைப் பிடித்திருந்த இடக்கையில் பட்டது. குழாயை மூடிவிட்டு நின்றபோதுதான் தலைக்கு மேலே உலை கொதிப்பதைப் போன்ற ஒலி தெளிவாகக் கேட்டதாகச் சொன்னார். “ஏங்க, பச்சைத்தண்ணி பைப்புல ஆவி வருது” என்று அவர் குரல் கொடுத்ததில்தான் வீடு விழித்தது.

முதல் அரை மணி நேரத்தில் எடுத்த முடிவுகள்

வீட்டுக்காரர் முதலில் செய்தது, குளியலறைக்கு வெளியே இருந்த ஹீட்டர் சுவிட்சை அணைத்தது. அடுத்து என்னை அழைத்தார். சுவிட்ச் விளக்கு அணைந்துவிட்டது என்று சொன்னார். கீழே போய் மெயின் பெட்டியில் ஹீட்டருக்குரிய எம்.சி.பி.யையும் (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) கீழே தள்ளிவிட்டு, அதன்மேல் டேப் ஒட்டச் சொன்னேன். விளக்கு அணைந்தது ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு இடங்களில் துண்டிக்கவேண்டும் என்பதற்குக் காரணம், ஒரு பாகம் ஏற்கெனவே தன் வேலையைச் செய்யத் தவறியிருக்கும்போது சுவிட்ச் மட்டும் சரியாக இருக்கும் என்று எண்ணிக்கொள்ள இடமில்லை என்பதே. டேப் ஒட்டச் சொன்னது வேறொரு காரணத்துக்காக: பண்டிகை வீட்டில், தூக்கக் கலக்கத்தில், நடந்தது தெரியாத யாராவது ஒருவர் குளிப்பதற்காக அதை மீண்டும் போட்டுவிடக்கூடும்.

அடுத்தது காயம். அவருடைய இடக்கையின் புறப்பகுதி சிவந்து எரிந்துகொண்டிருந்தது. சுட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடிக்கவேண்டும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அப்போது எந்தக் குழாயில் குளிர்ந்த நீர் வரும்? மாடியிலும் கீழ்க் குளியலறையிலும் வருவது ஒரே தொட்டி நீர். அடுக்களைக் குழாய்க்குப் போகச் சொன்னேன். அது தெருக்குழாயிலிருந்து நேரடியாக வருவது. எண்ணெய்க் குளியலுக்காகச் சூடாக்கி வைத்திருந்த நல்லெண்ணெயைப் பாட்டி கிண்ணத்தோடு கொண்டுவந்ததாகவும், மருமகள் “வேண்டாம் அத்தை, தண்ணியே போதும்” என்று தடுத்ததாகவும் பின்னர் அறிந்தேன். தடுத்தது சரி. எண்ணெயோ பற்பசையோ கிச்சாப்போ பூசினால் சூடு உள்ளேயே தங்கும். கிளினிக்கில் அதைத் துடைத்தெடுக்கும் வேதனையும் கூடும்.

மூன்றாவது முடிவில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. தங்கையின் கணவர், ஹீட்டருக்குப் போகும் நீரை அடைத்துவிட்டால் கொதிநீர் திரும்பி வராது என்று கருதி, உட்கூரைத் திறப்பு வழியே ஏறி அங்குள்ள கேட் வால்வை மூட முற்பட்டார். இயல்பாகத் தோன்றும் யோசனைதான். ஆனால் கொதித்து விரியும் நீர் வெளியேறுவதற்கு அப்போது இருந்த ஒரே வழி அந்தக் குழாய்தான். அதை மூடுவது, கொதிக்கும் கலனுக்கு மூடி போட்டுத் திருகுவதற்கு ஒப்பானது. “அண்ணே, மச்சான் மேலே ஏறப் போறாரு” என்று வீட்டுக்காரர் சொன்னபோது, ஏணியில் யாரும் கால் வைக்கக்கூடாது, எந்த வால்வையும் தொடக்கூடாது, வெந்நீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் கழிவறை ஹோஸையும் யாரும் திறக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருந்தது. ஹோஸைக் குறிப்பாகச் சொன்னேன். சுத்தம் செய்துகொள்ள நாம் பயன்படுத்தும் அந்தக் குழாயும் தொட்டி நீரில்தான் ஓடுகிறது. எழுந்ததும் பிள்ளைகள் முதலில் போவதும் கழிவறைக்குத்தான். குளியலறைக் கதவைச் சாத்தி, குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டார்கள்.

நான்காவது, கூடத்தில் படுத்திருந்தவர்களையும் மாடி அறைகளில் இருந்தவர்களையும் கீழே இறக்கியது. தொட்டிக்குக் கொதிநீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரியாத நிலையில், அதன் நேர்கீழே யாரையும் விட்டுவைக்க முடியாது. பாலிஎத்திலீன் தொட்டி பச்சைத்தண்ணீருக்காகச் செய்யப்பட்டது, சூடேறினால் இளகும், இளகிய தொட்டி தன்னுள் இருக்கும் நீரின் எடையைத் தாங்காது. இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு, இதே வகைத் தெர்மோஸ்டாட் கோளாற்றால் கொதிநீர் ஏறிய பிளாஸ்டிக் தொட்டி உருக்குலைந்து, கீழே உறங்கிக்கொண்டிருந்த குழந்தை இறந்திருக்கிறது.

பொம்பாவை (தீயணைப்புத் துறையை) 999இல் அழைப்பது பற்றியும் பேசினோம். தீப்பிடிக்காத நிலையில் அழைப்பது முறையா என்று வீட்டுக்காரர் தயங்கினார். தயங்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. கொதிகலன் வெடிக்கும் அபாயமும் உயிர் சம்பந்தப்பட்டதே. மின்சாரத்தை நிறுத்திய பத்து நிமிடத்துக்குள் ஒலி அடங்காவிட்டாலோ, உட்கூரை நனைந்து தொங்கினாலோ, கருகும் நாற்றம் வந்தாலோ உடனே அழைத்துவிட்டு எல்லாரும் வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவானது. ஐந்தாறு நிமிடத்தில் கொதிக்கும் ஒலி தணிந்து, குழாய் தட்டுவதும் நின்றது. அழைக்கவில்லை.

எண்ணெய்க் குளியல் நின்றுவிடவில்லை. அடுக்களைக் குழாயில் பிடித்த நீரை இரண்டு பெரிய அண்டாக்களில் காய வைத்து, கீழ்க் குளியலறையில் விளாவிக் குளித்தார்கள்.

விடிந்த பின்னர் கவனித்தவை

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி இருக்கும். சுவிட்சில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதனைப் பேனாவோடு நிறுத்திக்கொள்ளாமல் மீட்டர் வைத்து உறுதிசெய்த பின் ஏணியில் ஏறி, திறப்பின் விளிம்பிலிருந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது குழாய். ஹீட்டருக்குள் நுழையும் வெள்ளை யு.பி.வி.சி. குழாய் இரண்டு பிடிப்புகளுக்கு நடுவே, துணி காயப்போட்ட கயிற்றைப் போலத் தாழ்ந்து தொங்கியது. வளைந்த இடத்தில் நிறம் மங்கி, பக்கவாட்டில் சற்று நசுங்கியிருந்தது. 60 டிகிரிக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்படாத குழாயில் பல மணி நேரம் கொதிநீர் போய்வந்திருக்கிறது. தொட்டியின் அடிப்பக்கம் புடைக்கவில்லை. அதன் வெளிவாய் இணைப்பிலுள்ள ரப்பர் வளையத்தில் மட்டும் நீர் கசிந்திருந்தது.

கீழ்க் குளியலறைக் குழாயைச் சற்று நேரம் ஓடவிட்டு அளந்தபோது 34 டிகிரி. இரவெல்லாம் மழை பெய்த பின் விடியற்காலையில் தொட்டி நீர் 26, 27 டிகிரிதான் இருக்கவேண்டும். கணக்கும் இதனோடு ஒத்துப்போகிறது: 2 கிலோவாட் சுருள் ஆறு மணி நேரம் நிற்காமல் எரிந்தால் 12 யூனிட் மின்சாரம். 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர நான்கரை யூனிட்டுக்கும் குறைவாகவே போதும். அதாவது நள்ளிரவு கடந்து சிறிது நேரத்திலேயே கலன் கொதிக்கத் தொடங்கிவிட்டது. விருந்தாளி ஒலி கேட்டதும் அப்போதுதான். மீதி ஏழு யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தின் பெரும்பகுதி, நீராவி தள்ளிய கொதிநீராகக் குழாய் வழியே தொட்டிக்குப் போயிருக்கிறது.

அன்று எதையும் கழற்றவில்லை. கலனின் உறைக்குள் நுரைக்காப்பு இருப்பதால் உள்ளே உள்ள நீர் எளிதில் ஆறாது. ஆறாத கலனைத் திறப்பதற்கு எந்த அவசரமும் இல்லை. காயம்பட்டவர் அன்று மாலையே கிளினிக்குக்குப் போனார். இரண்டு விரல்களின் மேற்பகுதியில் கொப்புளம் எழுந்திருந்தது; மருந்து கட்டினார்கள்; தழும்பின்றி ஆறியது.

கலனைக் கழற்றியபோது

மறுநாள் நீரை வடித்து, மின்பகுதியின் மூடியைக் கழற்றினேன். தெர்மோஸ்டாட்டின் திருகியை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்தும், நீர் முற்றிலும் ஆறியிருந்தும், அதன் இரு முனைகளுக்கிடையே மின்தடை ஏதும் காட்டவில்லை; உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. சுமையோடு பல்லாயிரம் முறை திறந்து மூடும் தொடுமுனை ஒவ்வொரு முறையும் சிறு பொறி கக்கும். பொறியில் உலோகம் குழியும். குழிந்த இடம் ஒரு நாள் ஒட்டும். இது தேய்மானம், யாரையும் குறைசொல்ல முடியாது.

குறை சொல்லவேண்டிய இடம் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. வெப்பத் துண்டிப்பானின் இரு முனைகளையும் விரலளவு நீளமுள்ள பழுப்புநிற வயர்த்துண்டு ஒன்று இணைத்திருந்தது. அதன் உறை ஒரு பக்கம் கருகிப் பொரிந்திருந்தது. இந்த வயரின் பொருள், துண்டிப்பான் துண்டித்தாலும் மின்சாரம் வேறு வழியாகப் போய்க்கொண்டே இருக்கும் என்பது. ‘இனிமேல் தொல்லை தராது’ என்று சொல்லப்பட்டதன் உட்பொருள் இதுதான். முந்தைய ஆண்டு துண்டிப்பான் திரும்பத் திரும்ப விழுந்ததற்குக் காரணம், அப்போதே தெர்மோஸ்டாட் அவ்வப்போது ஒட்டத் தொடங்கியிருந்ததாகவே இருக்கவேண்டும். கோளாறு தெர்மோஸ்டாட்டில், குற்றம் சாட்டப்பட்டதோ அதைக் காட்டிக்கொடுத்த துண்டிப்பான்.

மூன்றாவது காவலின் நிலையும் அதுவே. பாதுகாப்பு வால்வின் பக்கத் துளை, வெள்ளை டேப் சுற்றிய சிறு மூடியால் இறுக அடைக்கப்பட்டிருந்தது. நீர் 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 3 விழுக்காட்டுக்கு மேல் விரிகிறது. 50 லிட்டரில் அது ஒன்றரை லிட்டருக்கு மேல். அந்த உபரி எங்காவது போகவேண்டும். வால்வு சொட்டியது அதனால்தான். சொட்டும் நீரைக் குழாய் வைத்து வெளியே விட்டிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் துளையை அடைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் கலன் ஏன் வெடிக்கவில்லை என்ற கேள்விக்கு வால்வைப் பிரித்ததும் விடை கிடைத்தது. நீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் பகுதியின் ரப்பர் கிழிந்து ஒருபுறம் பிதுங்கிக் கிடந்தது. துளையை அடைத்த பின், ஒவ்வொரு முறை சூடேறும்போதும் ஏற்பட்ட அழுத்தம் என்றோ ஒரு நாள் அதைக் கிழித்திருக்கிறது என்பதே என் ஊகம். கிழிந்த அந்த ரப்பர் வழியாகத்தான் கொதிநீர் தொட்டிக்குப் போய், அழுத்தம் கலனில் தங்காமல் விட்டது. அது கிழியாமலிருந்து, அன்று இரவு அழுத்தம் 7 பார் வரை (காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு) ஏறியிருந்தால், உள்ளே உள்ள நீர் 170 டிகிரி வரை கொதிக்காமலேயே சூடேறியிருக்கும். கலன் பிளந்த நொடியில் அதில் ஒரு பகுதி நீராவியாக மாறியிருக்கும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். மூன்று காவல்களும் செயலிழந்த வீட்டைக் காப்பாற்றியது நான்காவதாக ஒரு பழுது என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு நிம்மதி வருவதில்லை.

மெயின் பெட்டி ஏன் விழவில்லை

வீட்டுக்காரர் என்னிடம் இரண்டு மூன்று முறை கேட்ட கேள்வி இது: ‘ஈ.எல்.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) இருக்கிறதே, அது ஏன் டிரிப் ஆகவில்லை?’ பலருக்கும் இருக்கும் ஐயம் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். எம்.சி.பி. பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் ஹீட்டர் இழுப்பது ஒன்பது ஆம்பியருக்கும் குறைவு. நீர் 30 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் அது மாறாது. ஈ.எல்.சி.பி. பார்ப்பது மின்கசிவை; போன மின்சாரம் முழுவதும் திரும்பி வரும்வரை அதற்குப் புகார் இல்லை. அன்று இரவு மின்சாரத்தின் கண்ணோட்டத்தில் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. மிஞ்சிப் போனது வெப்பம் மட்டும். வெப்பத்தைப் பார்க்கும் கண்கள் கலனுக்குள்ளேயே இருந்த இரண்டுதான். அவற்றில் ஒன்று ஒட்டிக்கொண்டது, மற்றொன்று கட்டிப்போடப்பட்டிருந்தது.

தெர்மோஸ்டாட் எத்தனை மாதமாக ஒட்டியிருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. அரை மணி நேரம் போட்டு அணைக்கும் அந்த வீட்டில், தெர்மோஸ்டாட்டின் வேலையை வீட்டுக்காரரின் மனைவியின் விரல்தான் செய்துவந்தது. மின்கட்டணத்தைக் குறைக்க நல்ல பழக்கம். ஆனால் அதே பழக்கம் கோளாற்றை மறைத்தும் வைத்தது.

மாற்றியவை

தெர்மோஸ்டாட்டையும் துண்டிப்பானையும் மட்டும் மாற்றிப் பழைய கலனையே வைத்துக்கொள்ளலாமா என்று குடும்பத்தார் கேட்டனர். அதைப் பரிந்துரைக்கவில்லை. துருவைத் தடுக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்து நடுக்கம்பி மட்டும் எஞ்சியிருந்தது. எத்தனை முறை எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியது என்று தெரியாத கலனுக்குப் புதுப் பாகம் போடுவதில் பொருளில்லை. நேரடியாகச் சூடாக்கும் சிறிய ஹீட்டருக்கு மாறுவதும் ஒரு வழியாக இருந்தது. தொட்டி நீரின் குறைந்த அழுத்தத்துக்குப் பம்ப் வைத்த வகைதான் வேண்டும் என்பதாலும், பாட்டி வாளியில் விளாவியே குளிப்பவர் என்பதாலும், சிரிம் (மலேசியத் தரச்சான்று அமைப்பு) முத்திரை உள்ள, அளவில் சிறிய வேறொரு சேமிப்புக் கலனையே தேர்ந்தெடுத்தார்கள்.

அழுத்தத்துக்கு மட்டுமின்றி வெப்பத்துக்கும் திறக்கும் வால்வு அதில் பொருத்தப்பட்டது. நீர் 99 டிகிரியை நெருங்கினால் அது தானே திறக்கும். அதன் வாயிலிருந்து செம்புக் குழாய் ஒன்றை வீட்டுக்கு வெளியே, பின்வாசல் கால்வாய்க்கு மேலே, கண்ணில் படும் இடத்தில் முடியும்படி இறக்கினோம். கலனுக்குள் நுழையும் பச்சைத்தண்ணீர்க் குழாயின் கடைசிப் பகுதியும் செம்பாக மாறியது. குளியலறைக்கு இறங்கும் வெந்நீரில் கலவை வால்வு வைத்து 45 டிகிரிக்குள் நிறுத்தினோம். கலனுக்குள் 60 டிகிரி இருந்தால்தான் கிருமிகள் வளராது, ஆனால் 60 டிகிரி நீர் ஐந்து நொடியில் ஒரு பெரியவரின் தோலைப் பொசுக்கிவிடும், முதியோருக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைந்த நேரமே போதும். ஈரமான தளத்துக்கு 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகள் கேட்கும் 10 மில்லியாம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு அந்த வீட்டில் இல்லாமலிருந்தது, அதையும் சேர்த்தோம்.

இன்னும் மாறவேண்டியவை

தொட்டியிலிருந்து ஹீட்டருக்குத் தனிக்குழாய் இழுக்கவேண்டும் என்பது என் யோசனை. ஹீட்டருக்கும் கழிவறை ஹோஸுக்கும் ஒரே குழாய் இருக்கும்வரை, ஒன்றில் வரும் கோளாறு மற்றொன்றில் போய் முடியும். சுவரை உடைக்கவேண்டியிருப்பதால் அடுத்த பராமரிப்பு வேலையோடு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் ஒத்திவைத்திருக்கிறார்.

இத்தகைய வீடுகளுக்குப் போகும் வயர்மேன்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. துண்டிப்பான் விழுந்திருந்தால் பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிடாமல், கலன் சூடேறித் தெர்மோஸ்டாட் தானாக அணையும்வரை மீட்டரோடு காத்திருந்து பார்க்கவேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும். அதற்குரிய கூலியைக் கேட்டுப் பெறலாம். வீட்டுக்காரர்கள் செய்யக்கூடிய சோதனை இதைவிட எளிது: விடியற்காலையில், யாரும் குழாயைத் திறக்குமுன், பச்சைத்தண்ணீர்க் குழாயைக் கவனமாகத் திறந்து பார்ப்பது. வெயில் படாத அந்த நேரத்தில் அதில் சூடு இருந்தால் அது ஹீட்டரிலிருந்தே வருகிறது.

அதே வரிசையில் ஒரே காலத்தில் ஒரே மாதிரி கட்டப்பட்ட வீடுகள் இருப்பதால், அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டபடி சில வீடுகளின் கலன்களைத் திறந்து பார்த்தேன். மேலும் ஒரு வீட்டில் பாதுகாப்பு வால்வின் துளை அடைக்கப்பட்டிருந்தது. அங்கே துண்டிப்பான் நல்ல நிலையில் இருந்தது. அடைப்பை எடுத்துவிட்டு வடிகுழாய் வைத்தாயிற்று. கழற்றிய பழைய கலனைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன், யாரும் அதைத் தட்டிச் சரிசெய்து இரண்டாம் கையாக விற்றுவிடாதபடி, அதன் மின்பகுதியைத் தனியே கழற்றி எடுத்துவிட்டு வெறும் கலனை மட்டுமே கொடுத்தோம்.